மும்பைத் தீபாவளி வயிறு: எத்தனை மணிக்கு என்ன தொல்லை, அதற்கு என்ன வழி

ஊரில் தீபாவளி ஒரு நாள். மும்பைத் தமிழர்களுக்கு அது ஐந்து நாள் கூத்து. நரக சதுர்த்தசி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து நம் வீட்டுப் பட்சணத்தில் ஆரம்பித்தால், லக்ஷ்மி பூஜைக்கு எதிர் ஃப்ளாட் குஜராத்திக்காரரின் மிட்டாய்ப் பெட்டி, பாட்வா அன்று பக்கத்து வீட்டு ஸ்ரீகண்ட் பூரி, கடைசி நாளான பாவ்பீஜ் வரைக்கும் சக்லி, கரஞ்சி, சிவ்டா, சங்கர்பாளி என்று ஃபராள், அதாவது மராத்தி வீட்டுத் தீபாவளிப் பலகாரத் தட்டுகள் வந்தபடியே இருக்கும். மாட்டுங்கா, செம்பூர் பக்கம் அதிரசமும் முள்ளு முறுக்கும் என்றால், தாராவியில் நெல்லைக்காரர் வீடுகளில் விடிந்ததும் இட்லிக்கு ஆட்டுக்கறிக் குழம்பு. எதையும் வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. வயிறுதான் சொல்லும்.

அது சொல்லும்போது நாம் செய்வது என்ன? கை நேராக ஒரே டப்பாவுக்குப் போகும். சில வீட்டில் லேகியம், சில வீட்டில் நுரைத்துப் பொங்கும் ஈனோ பொடி, சில வீட்டில் அமிலத்தைக் குறைக்கும் பேன்டோப்ரசோல் மாத்திரை. எரிந்தாலும் அதுவே, உப்பினாலும் அதுவே, போகாவிட்டாலும் அதுவே. மூன்றுமே உபயோகமான சரக்குதான். ஆனால் ஒன்று செய்யும் வேலையை மற்றது செய்யாது, சில சமயம் கெடுக்கவும் செய்யும்.

அதனால் டப்பாவைத் திறக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். கடைசியாகச் சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது தெரிந்தால், சாப்பாடு இப்போது எங்கே நிற்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். முதல் இரண்டு மூன்று மணி நேரம் அது முக்கால்வாசி இரைப்பையில். பிறகு சிறுகுடல். ஐந்தாறு மணி நேரத்துக்குப் பிறகு பெருங்குடலின் வாசல். நெய்யும் எண்ணெயும் கூடினால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும், இந்தக் கணக்கு முழுவதும் பின்னால் தள்ளிப்போகும்.

முதலில் மாரடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்: "நெஞ்சுல கேஸ் பிடிச்சிருக்கு"

நடு நெஞ்சில் அழுத்தம், கூடவே வியர்வை, மூச்சு வாங்கல், தாடைக்கோ இடது கைக்கோ தோளுக்கோ பரவும் வலி, காரணமில்லாத தளர்ச்சி. இதில் ஏதாவது இருந்தால் கடிகாரம், சோடா, ஓமத்தண்ணீர் எதுவும் வேண்டாம். உடனே 108. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வெறும் அஜீரணம் போலவே வேஷம் போடும். வலி இல்லாமல் குமட்டலும் களைப்புமாக மட்டும் வரலாம். "நேத்து ராத்திரி பாதாம் ஹல்வா ஜாஸ்தி ஆயிடுத்து, அதான்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு மணி நேரம் கழிப்பதைவிட, ஈசிஜி எடுத்து ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு திரும்புவது எவ்வளவோ மேல்.

இன்னொரு ஆள்மாறாட்டம் பித்தப்பைக் கல். எண்ணெய்ச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடித்து, வலது தோள்பட்டைக்கு ஏறி, மணிக்கணக்கில் நிற்கும். பண்டிகைக்குப் பண்டிகை இப்படி வந்தால் பட்சணத்தைத் திட்டிப் பயனில்லை, ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைக்கும் கடும் வலி, கருப்பு மலம், ரத்த வாந்தி, கல் மாதிரி இறுகிய வயிறு ஆகியவையும் வீட்டு வைத்தியத்தின் எல்லைக்கு வெளியே.

இலையை விட்டு எழுந்ததுமே: "மூச்சு முட்டறது"

இது செரிமானக் கோளாறே அல்ல, கொள்ளளவுக் கோளாறு. இரைப்பை தாராளமாகக் கொள்வது ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர். பண்டிகைச் சாப்பாட்டில் சாம்பார் சாதம், ரசம் சாதம், பாயசம், மோர், நடுநடுவே இரண்டு டம்ளர் தண்ணீர் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். போதும் என்ற செய்தி வயிற்றிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் போல ஆகும். வேகமாகச் சாப்பிடுகிறவருக்கு அந்தச் செய்தி வரும்போது இலையில் இரண்டாம் முறை பாயசம் விழுந்திருக்கும்.

முதலில் வேட்டி முடிச்சையோ, பெல்ட்டையோ, பாவாடை நாடாவையோ தளர்த்துங்கள். பாதி பேருக்கு அதிலேயே விடிவு. பிறகு எழுந்து மெதுவாக நடங்கள். பில்டிங் காம்பவுண்டை நாலு சுற்று, அவ்வளவுதான். ஓட்டம் வேண்டாம், சாப்பிட்ட கையோடு வஜ்ராசனமும் கட்டாயமில்லை. ஒரு துண்டு இஞ்சியை உப்பில் தொட்டு மெல்லலாம், இல்லை சுக்கு வெந்நீர் கொஞ்சம் குடிக்கலாம். இஞ்சி இரைப்பை காலியாவதைக் கொஞ்சம் விரைவாக்குகிறது. லேகியத்தின் இடமும் இதுதான். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் போட்டு வெல்லமும் நெய்யுமாகக் கிளறியதை ஒரு சுண்டைக்காய் அளவு. ருசியாக இருக்கிறதென்று கரண்டியால் வழித்துச் சாப்பிடும் வீடுகளும் உண்டு. அப்போது அது இன்னொரு ஸ்வீட், அவ்வளவுதான்.

செய்யக்கூடாதது: வயிறு புடைத்து நிற்கும்போது சோடா உப்பு, ஈனோ, மசாலா சோடா. அமிலத்தோடு சேர்ந்து காற்று கிளம்பும். ஏப்பம் வந்தால் சுகமாகத்தான் தோன்றும், ஆனால் ஏற்கெனவே இடமில்லாத பையில் இன்னும் காற்றை ஏற்றுகிறீர்கள். இவற்றில் சோடியமும் ஏராளம், ரத்த அழுத்தக்காரர்கள் தொடாமல் இருப்பது நல்லது. விரலை விட்டு வாந்தி எடுப்பதும் வேண்டாம்.

அடுத்த வேளைக்கு? பசிக்கிறவரை தள்ளிப்போடுங்கள். மணி ஒன்றாகிவிட்டது என்பது சாப்பிடக் காரணமல்ல. பரிமாறுகிறவரைச் சமாளிப்பதுதான் இதில் பெரிய வித்தை. தாராவியில் காதில் விழும் பேச்சு இது:

"என்னல, ரெண்டு இட்லியோட எந்திச்சிட்ட? கறி அப்படியே கெடக்கு."

"இருக்கட்டும் அத்தை, மத்தியானம் வந்து திங்கேன். எனக்குன்னு எடுத்து வைங்க."

வேண்டாம் என்று சொன்னால் அத்தைக்கு வருத்தம். அப்புறம் என்று சொன்னால் மரியாதையும் காப்பாற்றப்படும், வயிறும்.

ஒரு மணி நேரத்தில், அல்லது படுத்த உடனே: "நெஞ்சு எரியறது, புளிச்ச தண்ணி மேல வர்றது"

பண்டிகையில் அதிகம் பேரைப் படுத்துவது இது, அதிகம் தப்பாக வைத்தியம் பார்க்கப்படுவதும் இதுதான். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. வயிறு நிரம்பி வழிந்தாலோ, கொழுப்பு கூடினாலோ அது தளரும். அமிலம் மேலே ஏறும். அப்போது லேகியம் சாப்பிட்டால் மிளகும் திப்பிலியும் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சும். புதினா சேர்ந்த மாத்திரையும் கஷாயமும் வயிற்றுப் பிசைவுக்கு நல்லது; இந்த எரிச்சலுக்கு ஆகாது, அந்த வளையத்தை இன்னும் தளர்த்திவிடும். சாப்பாட்டுக்குப் பின் டிகிரி காபி, சாக்லேட் இரண்டும் பலருக்கு இதே வேலையைச் செய்யும். கொஞ்சம் பால் குடித்தால் இதமாக இருக்கும், ஆனால் சற்று நேரத்தில் அமிலம் மறுபடி சுரக்கும்.

எரிகிற நேரத்துக்கு உடனடி உதவி ஜெலுசில், டைஜீன் மாதிரியான அமில எதிர்ப்பு ஜெல். சில நிமிடங்களில் வேலை செய்யும், பலன் ஓரிரண்டு மணி நேரம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

பேன்டோப்ரசோல் சங்கதி வேறு. அது சுரந்துவிட்ட அமிலத்தை ஒன்றும் செய்யாது. அமிலம் சுரக்கும் பம்புகளை அடைக்கும். அந்தப் பம்புகள் சாப்பாடு வரும்போதுதான் முழுவேகத்தில் ஓடும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போட்டால்தான் உரிய பலன். விருந்து முடித்து, எரிச்சல் வந்த பிறகு வாயில் போடுவது மழை நின்ற பின் குடை வாங்குவது. அதுவும் முழுப் பலன் வரச் சில நாள் ஆகும். மருத்துவர் ஏற்கெனவே எழுதிக்கொடுத்திருந்தால் பண்டிகை நாட்களில் வேளை தவறாமல் போடுங்கள். கடையில் குமட்டலை அடக்கும் டோம்பெரிடோன் சேர்ந்த மாத்திரையையே எடுத்துக் கொடுப்பார்கள். இதயக் கோளாறு உள்ளவர்களும் அதற்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் அதைத் தாமாக வாங்கிப் போடக்கூடாது.

இனி மாத்திரையில்லாத வழி. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் இருக்கட்டும். செம்பூரில் விருந்து முடித்து, தானேக்கும் டோம்பிவிலிக்கும் திரும்பி, பதினொன்றரைக்கு வீடு சேர்ந்து உடனே சாய்கிறவருக்கு இது எப்படி முடியும்? முடியாது. அப்படிப்பட்ட நாளில் விருந்தை மதியத்துக்கு மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் இரவில் ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொண்டு பட்சணத்தைக் கட்டிக்கொண்டு வாருங்கள். படுக்கும்போது இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். அப்போது இரைப்பை கீழேயும் உணவுக்குழாய் வாய் மேலேயுமாக இருக்கும். வலது பக்கம் திரும்பினால் நேர்மாறு. இரண்டு தலையணை வைத்தால் கழுத்துதான் மடங்கும், வயிறு அமுங்கும். தலைப்பக்கக் கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து ஆறு அங்குலம் உயர்த்துவதுதான் சரி. தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள் மெத்தைக்கு அடியில் இடுப்பிலிருந்து தலைவரை சாய்வாக இருக்கும்படி பழைய போர்வைகளை மடித்துக் கொடுக்கலாம்.

பண்டிகையன்று முழங்கால் வலிக்கென்று வெறும் வயிற்றில் வலிமாத்திரை போட்டுவிட்டு, எரிச்சலுக்கு அதிரசத்தைக் குறை சொல்கிற பெரியவர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபூபுரோஃபென் இரண்டும் இரைப்பைச் சுவரைப் புண்ணாக்கக்கூடியவை.

அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள்: "வயிறு கடாமுடாங்கறது"

உருட்டல், இழுத்துப் பிடித்தல், அவசரமாகப் போய்விட்டு வருதல். சாப்பிட்டது பேடா, பாசுந்தி, பால் பாயசம், ரசமலாய் என்றால் சந்தேகம் லாக்டோஸ் மேல். பால் சர்க்கரையை உடைக்கும் நொதி வயது ஏற ஏறக் குறைவது நம்மில் பலருக்கும் உள்ளதுதான், அது வியாதி அல்ல. காலையில் ஒரு டம்ளர் காபிப் பாலைத் தாங்குகிற குடல் அன்று ஏன் தகராறு செய்கிறது? அளவுதான். ஒரு லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சினால் இருநூறு கிராம் போலத்தான் கோவா தேறும். நாலு பேடா என்பது ஒரு பெரிய டம்ளருக்கு மேல் பால்.

பால் இனிப்பு எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டாம். பனீரில் தண்ணீரோடு லாக்டோஸின் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. ஸ்ரீகண்ட் தயிரை வடிகட்டிச் செய்வது, பாசுந்தியைவிடச் சாது. நெய்யில் லாக்டோஸ் கிட்டத்தட்ட இல்லை; மைசூர்பாகு சாப்பிட்டு வயிறு கனத்தால் பழியைப் பாலின் மேல் போடாதீர்கள், அங்கே குற்றவாளி நெய்யின் அளவு.

ஒன்றிலிருந்து ஆறு மணிக்குள் வாந்தி: "சாப்பாடுல ஏதோ ஆகியிருக்கு"

ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்து வந்தால் அதிகம் தின்றது காரணமல்ல, கெட்டுப்போனது. பெரும்பாலும் சாதம், தேங்காய்ச் சட்னி, அல்லது வெளியில் கிடந்த பால் இனிப்பு. சோற்றில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துக்கள் கொதியிலும் சாகாது. வடித்த சாதத்தை வெளியே விட்டால் அவை முளைத்து நஞ்சு சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. "நல்லா சுட வெச்சுட்டேனே" என்பது இங்கே செல்லாது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் ஏற்றுங்கள். அக்டோபர் ஹீட்டில், 32 டிகிரிக்கு மேல் போகும் மும்பை மதியத்தில், ஒரு மணி நேரத்துக்குள். குக்கரோடு தூக்கி வைத்தால் நடுவில் வெகுநேரம் சூடு நிற்கும். அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு டப்பாக்களில் பிரித்து வையுங்கள். ரயிலில் கட்டிக்கொண்டு போக தேங்காய் சாதத்தைவிடப் புளியோதரை மேல். புளிப்பும் எண்ணெயும் காவல்.

வாந்தி நிற்க மாத்திரையைவிட முக்கியம் நீர். உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓஆர்எஸ் பொடியை, பாக்கெட்டில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறதோ அதே அளவு தண்ணீரில் கரையுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், குழந்தைக்கு அது ஆபத்து. பொடி இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை மட்டமான டீஸ்பூன் உப்பு. ஸ்பூன் ஸ்பூனாக, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை. டெட்ரா பேக்கில் விற்கும் பழப் பானங்கள் இதற்கு மாற்றல்ல. அவற்றின் மேல் ஓஆர்எஸ் என்று போடக்கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டதும் இந்தக் குழப்பத்தால்தான். காய்ச்சல், மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாத குழந்தையோ முதியவரோ என்றால் டாக்டரிடம். ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது வயிற்றுப்போக்கை அடைக்கும் மாத்திரை கூடாது.

ஐந்தாறு மணிக்குப் பிறகு: "வயிறு பானை மாதிரி உப்பிண்டு இருக்கு"

இரவு எட்டு மணி உப்புசத்துக்கு மாலை ஐந்து மணி காபியைக் குற்றம் சொல்வதே வழக்கம். குற்றவாளி மதியச் சாம்பாரும் கூட்டும். பருப்பு, கொண்டைக்கடலை, ராஜ்மா, மட்கி உசல், பேசன் லாடு எல்லாவற்றிலும் இருக்கும் சில சர்க்கரைகளை உடைக்க மனிதக் குடலில் நொதியே இல்லை. அப்படியே பெருங்குடலுக்குப் போகும், அங்கே கிருமிகள் புளிக்கவைத்துக் காற்றாக்கும். கூட்ட நேரத்து லோக்கலில் இதன் விளைவைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

மருந்து சமையலறையிலேயே, முதல் நாள் இரவே. கடலை வகைகளை எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். "சத்தெல்லாம் போயிடுமே" என்பார்கள். கொஞ்சம் போகும், காற்றைக் கிளப்பும் சர்க்கரையும் போகும். துவரம்பருப்புக்கு ஒரு மணி நேர ஊறல் போதும். பெருங்காயமும் ஓமமும் நம் வழக்கப்படி சேருங்கள். வந்துவிட்ட உப்புசத்துக்கு நடைதான் முதல் மருந்து. காற்றுக் குமிழிகளை உடைக்கும் சிமெதிகோன் மாத்திரை சிலருக்குக் கேட்கும்.

சர்க்கரை நோயாளிகளுக்கென்று வாங்கிவரும் ஷுகர்ஃப்ரீ ஸ்வீட் மேல் ஒரு கண் வையுங்கள். மால்டிடால், சார்பிடால் என்ற மாற்று இனிப்புகள் சேர்த்தவை பல. அவையும் முழுதாகச் செரிக்காமல் பெருங்குடல் போய்ச் சேரும். நாலு துண்டில் பலருக்கு உப்புசமும் பேதியும் வரும். சாதா மைசூர்பாகு அரைத்துண்டு அதைவிட யோக்கியமானது.

சாப்பிட்ட அரை மணியில் கண் சொக்குகிறது

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு. இருபது நிமிடம் நாற்காலியில் சாய்ந்துகொள்ளுங்கள், படுக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் மட்டும் அதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஏறும் சர்க்கரை கணிசமாகக் குறையும். இலையில் காயையும் பருப்பையும் முதலில் முடித்துச் சாதத்துக்குப் பிறகு வருவதும் உதவும். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு வகை மாத்திரையைப் போட்டுவிட்டுப் பூஜை முடியும்வரை பட்டினி இருப்பது கூடவே கூடாது. சர்க்கரை தாழ்ந்து வரும் தலைசுற்றலைப் பக்திப் பரவசம் என்று நினைத்துவிடுவார்கள்.

மறுநாள், மூன்றாம் நாள்: "போகவே மாட்டேங்கறது"

மைதா, சர்க்கரை, வறுவல் மட்டும் உள்ளே போய், காய்கறியும் தண்ணீரும் குறைந்தால் இது வரும். விருந்தினர் நிரம்பிய ஒரே பாத்ரூம் வீடும் சம அளவு காரணம். காலைச் சிற்றுண்டிக்குப் பின் பெருங்குடல் தானாக அசையும். அந்த உந்துதலை வரிசை நீளம் பார்த்து அடக்கினால் அன்று முழுக்க வராது. வெந்நீர், காலையில் இரண்டு கொய்யாவோ பப்பாளியோ, மதியம் கீரை. அதற்கும் அசையாவிட்டால் இரவில் இசப்கோல் உமி இரண்டு டீஸ்பூன், ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். பேதி மாத்திரையை கடைசிக்கு வையுங்கள்.

டப்பாக்களை எந்த வரிசையில் காலி செய்வது

பாதித் தொல்லை "வீணாகுமே" என்று தின்பதால் வருவது. எல்லாவற்றையும் அன்றே முடிக்க வேண்டியதில்லை. கலாகந்த் வாங்கிய அன்றே. ரசகுல்லா, ரசமலாய் ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாள். கோவா இனிப்பு நாலு நாள். நெய்யும் முந்திரி பாதாமும் சேர்ந்தவை ஒரு வாரம். இவை உணவுப் பாதுகாப்பு ஆணையம் கடைகளுக்குக் கொடுத்த வழிகாட்டல் கணக்கு. 2020 அக்டோபரிலிருந்து உதிரி இனிப்புத் தட்டிலும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும், கடையில் அதைப் பார்த்து வாங்குங்கள். சக்லி, முறுக்கு, சங்கர்பாளி, பொரி விளங்காய் உருண்டை எல்லாம் காற்றுப் புகாத டப்பாவில் வாரக்கணக்கில் நிற்கும். அவற்றை அலமாரியின் மேல் தட்டில் ஏற்றிவிட்டு, இன்று பேடாவை எதிர் ஃப்ளாட்டிலும் வாட்ச்மேனிடமும் பகிர்ந்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக் காகூவின் தட்டைக் காலியாகத் திருப்ப முடியாது, அதனால் ரிப்பன் பகோடா கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்.